பேருக்குச் சுங்கம்

2016 அக்டோபர் 1, புரட்டாசி சனிக்கிழமை. வடமதுரை சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. டீக்கடை டி.வி.க்களில் சென்னை அப்போலோ ஆஸ்பத்திரியின் வாசல் கதவு நேரலையில் ஓடியது. முதலமைச்சர் ஜெயலலிதா உள்ளே போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. தமிழ்நாடு முழுக்க அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாள் பார்த்து, உலகத்து இணையப் பெயர்களின் பேரேட்டை அமெரிக்க அரசு கைகழுவி விட்டது. நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கதவு திறக்குமா என்று கேட்டிருப்போம்.

பேரேடு என்றால் இதுதான்: விகடன் டாட் காம் என்று செல்போனில் தட்டினால் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று வழி சொல்ல ஒரு பதிவேடு வேண்டும். அதன் முதல் பக்கத்தில் டாட் காம், டாட் ஆர்க், டாட் இன் என்று வால்கள் மட்டும் இருக்கும். எந்த வாலை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் அங்கேதான் எழுதியிருக்கும். அந்த முதல் பக்கத்தில் ஒரு எழுத்து மாற வேண்டுமானாலும் அதுவரை அமெரிக்க வணிகத் துறையின் தலையாட்டல் தேவைப்பட்டது. 2016 செப்டம்பர் 30 நள்ளிரவோடு அந்த ஒப்பந்தம் காலாவதி. இனி எல்லாம் ஐகான் பொறுப்பு. ஐகான் என்பது 1998-ல் கலிஃபோர்னியாவில் பதிவு செய்யப்பட்ட, லாப நோக்கமில்லாத ஒரு நிறுவனம். கடைசி நேரத்தில் நான்கு அமெரிக்க மாகாணங்கள் கோர்ட்டுக்கு ஓடின, நீதிபதி மறுத்துவிட்டார். நாலு மாகாணத்துக்காவது பயம் வந்ததே, அதைப் பாராட்ட வேண்டும். நமக்கு அதுவும் வரவில்லை.

நமக்கு முன்பு கோபம் வந்ததுண்டு. 2011-ல் இந்தியா ஐ.நா. சபையில் எழுந்து நின்று, இணையத்தை நிர்வகிக்க ஐம்பது நாடுகள் கொண்ட குழு வேண்டும் என்று முழங்கியது. ஆட்சி மாறியது, 2015-ல் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் ‘பல தரப்பினரும் சேர்ந்து நடத்தும் முறைதான் எங்கள் கொள்கை’ என்று அறிவித்தார். அந்தப் பல தரப்பில் வடமதுரைத் தரப்பு எது என்று தேடிப் பார்த்தேன். கைமாறிய பிறகு ஐகான் கூட்டிய முதல் மாநாடு நம் ஹைதராபாத்தில்தான் நடந்தது, 2016 நவம்பர் 3 முதல் 9 வரை. உலகின் பெயர்களை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று பேச வந்த வெளிநாட்டு விருந்தாளிகளின் சட்டைப்பையில் இருந்த ஐந்நூறும் ஆயிரமும் நவம்பர் 8 நள்ளிரவோடு வெறும் காகிதமாயின. நிர்வாகம் என்றால் என்ன என்பதை விருந்தாளிகளுக்கு நாம் செய்முறை விளக்கமாகவே காட்டி அனுப்பினோம்.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் எனக்கு இதில் தனியாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. அந்தப் பேரேட்டின் முதல் பக்கத்தை யாரும் திருத்திவிடாமல் இருக்க ஒரு மின்சாவி போட்டிருக்கிறார்கள். அந்தச் சாவியை எடுத்துக் கையெழுத்திடும் சடங்கு 2010-லிருந்து வருடத்துக்கு நாலு முறை அமெரிக்காவின் இரண்டு கோடிகளில் மாறி மாறி நடக்கிறது: வர்ஜீனியாவில் கல்பெப்பர், கலிஃபோர்னியாவில் எல் செகண்டோ. உலகம் முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த சாவிக்காரர்கள் விமானம் ஏறி வருவார்கள். கண் ரேகை பார்ப்பார்கள், கேமரா ஓடும், பெட்டிக்குள் பெட்டி திறப்பார்கள். 2020 பிப்ரவரியில் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரும்புப் பெட்டியின் பூட்டுதான் திறக்கவில்லை. சடங்கைத் தள்ளிவைத்து, ஆள் கூப்பிட்டு, டிரில் போட்டு உடைத்துத் திறந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்திருந்தது நம் அரசு. குறியீடு வந்தது, ஆர்டர் வரவில்லை. அலிகார் பூட்டுக்கும் சீனப் பூட்டுக்கும் நடுவில் பட்டறையை மூடிவிட்டு மில் வேலைக்குப் போனவர்களைக் கூப்பிட்டிருந்தால் பெட்டியைக் கீறாமல் திறந்து கொடுத்திருப்பார்கள்.

சரி, பூட்டை விடுவோம். காசு விஷயத்துக்கு வருவோம்.

ஆரம்பத்தில் இந்தப் பேரேட்டை ஜான் போஸ்டல் என்ற தாடிக்காரக் கணினி விஞ்ஞானி கவனித்துக்கொண்டார். நாட்டு வால்களை அவர் பார்த்துக் கொடுத்தார். அதற்கு ஏலமும் இல்லை, டெண்டரும் இல்லை. டாட் காம் பெயர்களைப் பதியும் வேலையை அமெரிக்க அரசின் அறிவியல் அமைப்பு ஒன்று நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்திருந்தது. மக்களின் வரிப்பணத்தில் நடந்ததால் பெயர் இலவசம். 1995-ல் அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி ஐம்பது லட்சம் டாலருக்கும் குறைவாக வாங்கியது. அதே வருடம் செப்டம்பரில் பெயருக்கு வருடம் ஐம்பது டாலர் கட்டணம் வந்தது. ஐந்து வருடம் கழித்து, 2000-ல், வெரிசைன் என்ற கம்பெனி அதை வாங்கியபோது பேசிய விலை 2,100 கோடி டாலர். இடையில் அவர்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. அரசு கொடுத்த ஒரு ஒப்பந்தக் காகிதம் பெட்டிக்குள் இருந்தபடியே சொத்தாகிப் போனது.

1998 ஜனவரியில் போஸ்டல் ஒரு வேலை செய்தார். பேரேட்டின் முதல் பக்கத்தை உலகுக்குக் காட்டும் வேர் சர்வர்களில் எட்டின் நிர்வாகிகளுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, இனிமேல் முதல் பக்கத்தை என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மறுபேச்சில்லாமல் செய்தார்கள். வெள்ளை மாளிகையிலிருந்து போன் வந்தது, சும்மா ‘சோதனை’ என்று சொல்லி முடித்துக்கொண்டார். அந்த அக்டோபரில் போஸ்டல் இறந்துபோனார். சிலிகான் வேலி கோடீஸ்வரர்களில் எத்தனை பேருக்கு இன்று அவர் பெயர் ஞாபகம் இருக்கும்?

எங்கள் பக்கத்தில் வாரச்சந்தைக் குத்தகை என்று ஒன்று உண்டு. அய்யலூரில் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பேரூராட்சி ஏலம் போடும். டேவணி கட்டியவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். எடுத்தவர் வாசலில் ஆள் நிறுத்துவார். ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று போர்டு தொங்கும். போர்டில் போட்டிருப்பதற்கு மேல் பத்து ரூபாய் கேட்பார்கள், ரசீது கேட்டால் முறைப்பார்கள், அப்புறம் கவுன்சிலரிடம் பஞ்சாயத்து போகும். அயோக்கியத்தனம்தான். ஆனால் குத்தகைக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. தேதி வந்தால் மறு ஏலம். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்துக்கே மறு ஏலம் உண்டு ஐயா! டாட் காமுக்கு இல்லை. பெரிதாக ஒப்பந்தத்தை மீறினால் ஒழிய வெரிசைனுக்கே தானாகப் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஐகான், அமெரிக்க அரசு என்று இத்தனை படித்த தலைகள் சேர்ந்து எழுதிய காகிதம் அது. எங்கள் பேரூராட்சி செயல் அலுவலர் அப்படி ஒரு குத்தகை எழுதியிருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறை சாயந்தரமே வீட்டுக்கு வந்திருக்கும்.

2012-லிருந்து ஒரு டாட் காம் பெயருக்கு வெரிசைனின் மொத்த விலை 7.85 டாலரில் நின்றது. ஒபாமா அரசு அதைக் கட்டிப் போட்டிருந்தது. 2018-ல் டிரம்ப் அரசு கட்டை அவிழ்த்தது. 2021-லிருந்து வருடத்துக்கு ஏழு சதவீதம் வீதம் நாலு முறை ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர். சர்வர் விலை குறைந்த காலத்தில்தான் இது ஏறியது. பதினைந்து கோடிக்கு மேல் பெயர்கள். வருகிற வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செயல்பாட்டு லாபம். கந்துவட்டிக்காரன்கூட இதைக் கேட்டால் கொஞ்சம் வெட்கப்படுவான்.

‘அதனால்தான் நம் அரசே வைத்திருக்க வேண்டும்’ என்று மேஜையைத் தட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம் அரசு வைத்திருந்த லட்சணத்தையும் பார்த்துவிடலாம்.

டாட் இன் நமக்கு 1989-ல் வந்தது. மும்பையில் ஒரு அரசு நிறுவனத்தின் பராமரிப்பில் இருந்தது. பெயர் வேண்டுமென்றால் கம்பெனிப் பதிவு, கடிதத் தாள், காரணம், காத்திருப்பு. கேஸ் கனெக்‌ஷன் வாங்கிய தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. நூறு கோடி பேர் உள்ள நாட்டில் 2004 முடியும்வரை பதிவானவை சுமார் ஏழாயிரம் பெயர்கள். 2005-ல் புத்தி வந்து, நிக்ஸி என்ற அமைப்பிடம் கொடுத்துக் கதவைத் திறந்தார்கள். நிக்ஸியும் லாப நோக்கமில்லாத கம்பெனிதான். ஆனால் மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிழலில் நடக்கிற கம்பெனி. அரசா என்றால் கம்பெனி, கம்பெனியா என்றால் அரசு. கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும் அமைப்பு.

கொள்கையை நிக்ஸி முடிவு செய்யும். பேரேட்டை உள்ளபடி எழுதி சர்வரில் ஓட்டுகிற வேலை வெளியாருக்கு. முதலில் அஃபிலியஸ், அயர்லாந்துக் கம்பெனி. அப்புறம் பெயருக்கு எழுபது சென்ட் போதும் என்று டெண்டர் போட்ட அமெரிக்க நியூஸ்டார், 2019-லிருந்து. 2020 ஏப்ரலில் நியூஸ்டார் தன் பேரேட்டு வியாபாரத்தை கோடாடிக்கு விற்பதாக அறிவித்தது. மே மாதம் பிரதமர் டி.வி.யில் தோன்றி ‘ஆத்மநிர்பர் பாரத்’ என்றார். ஆகஸ்டில் விற்பனை முடிந்தது. தற்சார்பு இந்தியாவின் பெயர்ப் பேரேடு, தற்சார்பு அறிவித்த மூன்றே மாதத்தில், பெயர்களைச் சில்லறைக்கு விற்கும் உலகின் மிகப் பெரிய அமெரிக்கக் கடையின் கைக்குப் போனது. நாம் அப்போது தட்டைத் தட்டி முடித்து, விளக்கை ஏற்றி முடித்து, சீன ஆப்களை அழித்துக்கொண்டிருந்தோம். இப்போது வேலை டுகோஸ் என்ற கனடாக் கம்பெனியிடம். உலகத்துக்கே சாப்ட்வேர் எழுதிக் கொடுக்கிற நாடு என்று மேடை மேடையாகச் சொல்கிறோம். நம் பெயரை நாமே எழுதி வைத்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்கவில்லை.

இதற்கு நடுவில் தமிழ் எழுத்திலேயே ‘.இந்தியா’ என்று ஒரு வால் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா? 2011-லேயே பேரேட்டில் ஏறிவிட்டது. ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்றும் உண்டு. உலகப் பேரேட்டின் முதல் பக்கத்தில் மூன்று நாடுகள் தமிழில் எழுதியிருக்கின்றன. வடமதுரையிலிருந்து திண்டுக்கல் வரைக்கும் ஒரு கடைப் பலகையில், ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு அரசு அலுவலகச் சுவரில் நான் அதைப் பார்த்ததில்லை. மொழிக்காக ரயிலை மறித்தவர்களின் கட்சி அலுவலகங்களிலும் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில், முருங்கைப் பொடி விற்கிற மகளிர் குழு அக்கா ஒருவருக்கு வெப்சைட் பேர் பதிந்துகொண்டிருந்த பையனிடம் ‘தமிழ்ல பதியலாமாமே தம்பி’ என்றேன். ‘அதெல்லாம் எவன்ணே டைப் பண்ணுவான்?’ என்றான். அக்காவிடம் முதல் வருடத்துக்கு வாங்கியது சொற்பம். அடுத்த வருடம் ரினிவலுக்கு எவ்வளவு என்று அக்கா கேட்டதற்கு, ‘அது அடுத்த வருசம் பாத்துக்கலாம்க்கா’ என்றான். பேரேட்டு வியாபாரத்தின் மொத்தச் சூத்திரமும் அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது.

வால்களே விற்பனைக்கு வந்த கதையையும் கேளுங்கள். 2012-ல் ஐகான் ஒரு சந்தை கூட்டியது: 1,85,000 டாலர் கட்டினால் உங்களுக்கென்று ஒரு வாலுக்கே விண்ணப்பிக்கலாம். கிறைஸ்லர் என்ற வண்டிக் கம்பெனி ‘.ராம்’ கேட்டது. அவர்களின் லாரிக்கு அந்தப் பெயர். ரிலையன்ஸ் ‘.இந்தியன்ஸ்’ கேட்டது. நம் அரசு பதறிப்போய் இரண்டுக்கும் ஆட்சேபம் தெரிவித்தது. ராமரை லாரிக்காரனிடமிருந்தும் இந்தியர்களை அம்பானியிடமிருந்தும் காப்பாற்ற டெல்லி எழுந்து நின்ற ஒரே சந்தர்ப்பம் இதுவாக இருக்கலாம். ‘.அமேசான்’ கேட்ட புத்தகக் கடைக்கு எதிராக அந்த ஆறு ஓடுகிற பிரேசிலும் பெருவும் ஏழு வருடம் மல்லுக்கட்டின. 2019-ல் கடை ஜெயித்தது. ஆறு இன்னும் ஓடுகிறது, ஆனால் அதன் பெயர் கடைக்காரனுடையது.

அதே 2019-ல் டாட் ஆர்க். தொண்டு நிறுவனங்கள், நூலகங்கள், அகதிகள் முகாம் நடத்துகிறவர்கள் வைத்திருக்கிற வால். ஜூனில் அதன் விலைக்கு இருந்த உச்சவரம்பை ஐகான் எடுத்துவிட்டது. நவம்பரில் ஈதோஸ் கேபிடல் என்ற புத்தம்புதுக் கம்பெனி 113 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதை வாங்க வந்து நின்றது. யார் என்று பார்த்தால், ஐகானின் பழைய தலைவர் பின்னால் நிற்கிறார். குத்தகை விட்ட அதிகாரியே ரிடையர் ஆனதும் குத்தகைதாரரோடு வந்து உட்காருவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. கலிஃபோர்னியாவிலும் அப்படித்தான் என்று தெரிந்ததில் ஒரு ஆறுதல். உலகம் முழுக்கத் தொண்டு நிறுவனங்கள் கத்தின. கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் மிரட்டிக் கடிதம் எழுதினார். 2020 ஏப்ரல் 30-ல் ஐகான் அனுமதி மறுத்தது. ‘அரசே வேண்டாம்’ என்று கொடி பிடித்தவர்களைக் கடைசியில் காப்பாற்றியது ஒரு அரசு வக்கீலின் கடிதம்.

இனி எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம். அரசு பெயரிலிருந்து விலகிக்கொண்டது என்கிறார்களே, எதிலிருந்து விலகியது? விலையைக் கட்டுப்படுத்துவதிலிருந்து விலகியது. தமிழில் பரப்புவதிலிருந்து விலகியது. வெட்டுக் கத்தியை மட்டும் கீழே வைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் அமெரிக்கா நம் ஆட்களைக் கைவிலங்கு போட்டு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் கொட்டியது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடன் பிளஸ் ஒரு கார்ட்டூன் போட்டது. விலங்கு போட்டவன்மேல் வராத கோபம் வரைந்தவன்மேல் வந்தது. மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அனுப்பினார். பிப்ரவரி 15 சாயந்தரம் விகடன் தளமே தெரியவில்லை. முதலில் தளம் போனது, அப்புறம்தான் நோட்டீஸ் வந்தது. ஒரு படத்துக்காக, 1926-ல் பிறந்த பத்திரிகையின் இணையதளம் மொத்தமும் இருட்டில். மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை எடுங்கள், தளத்தைத் திறக்கச் சொல்கிறோம் என்றது.

விகடன் டாட் காமுக்கான வருடாந்திரச் சுங்கம் வர்ஜீனியாவில் உள்ள வெரிசைனுக்குப் போகிறது. அதை அணைக்கிற சுவிட்ச் டெல்லியில் இருக்கிறது. வர்ஜீனியாவைக் கேட்கவே வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவைக் காட்டி நெட் கம்பெனிகளுக்கு ஒரு உத்தரவு போட்டால் போதும். அதுகூட நாகரிகமான வழி. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, பதின்மூன்று பேர் செத்தார்கள். அடுத்த நாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்துக்கும் மொத்தமாக நெட்டைத் துண்டித்தார்கள். செத்தவர்களின் பெயரைக்கூட ஊருக்கு ஊர் தெரிவித்துக்கொள்ள முடியாதபடி.

தனக்கு வேண்டுமானால் பெயரை எப்படிக் கட்டிக்கொள்வது என்பதும் அரசுக்கு நன்றாகத் தெரியும். டாட் கவ் டாட் இன் என்பது அரசுக்கு மட்டுமே உரிய வால். தனியார் கண்ணால்கூடத் தொட முடியாது. பிஎம் கேர்ஸ் நிதியின் முகவரி அந்த வாலில்தான் இருக்கிறது. கணக்குக் கேட்டு ஒருவர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனால், இது இந்திய அரசின் நிதி கிடையாது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வராது என்று பிரதமர் அலுவலகமே எழுதிக் கொடுக்கிறது. காசு போடும்போது அரசு, கணக்குக் கேட்கும்போது தனியார். பெயரைத் தனியாருக்குக் கொடுப்பதற்கு அமெரிக்க அரசு பதினெட்டு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது. நம் ஆட்கள் வாலை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததைத் தனியாராக்கிவிட்டார்கள்.

போலி வங்கித் தளங்களில் ஓய்வூதியக்காரர்களின் சேமிப்பு போய்த் தீர்ந்த பிறகு, ரிசர்வ் வங்கி விழித்துக்கொண்டு, 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் ‘டாட் பேங்க் டாட் இன்’ வாலுக்கு மாற வேண்டும் என்றது. பதிகிற உரிமை ஹைதராபாத்தில் உள்ள ரிசர்வ் வங்கியின் சொந்த நிறுவனத்துக்கு மட்டும். நல்ல காரியம். பணக்காரக் கடைகளுக்கென்று பாதுகாப்பான தெரு போடத் தெரிகிறது. முருங்கைப் பொடி அக்கா மட்டும் திறந்த சந்தையில் நின்று சுங்கம் கட்டிக்கொள்ளட்டும்.

ஐகான் மறுபடியும் சந்தை கூட்டுகிறது. விண்ணப்ப வாசல் திறக்க அவர்கள் அறிவித்த தேதி 2026 ஏப்ரல் 30. கட்டணம் 2,27,000 டாலர், நம் பணத்தில் இரண்டு கோடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக. வடமதுரைப் பேரூராட்சி ‘.வடமதுரை’ கேட்கலாம் என்று நண்பர்களிடம் சொன்னேன். தெருவிளக்குக்கு பல்பு வாங்கக் காசில்லை என்றார்கள். சரி, திண்டுக்கல் மாநகராட்சியாவது கேட்குமா என்று விதிகளைப் பார்த்தேன். நாட்டுத் தலைநகரின் பெயரைக் கேட்டால் அரசின் ஒப்புதல் கட்டாயமாம். தலைநகர் அல்லாத மற்ற ஊர்களின் பெயருக்கு, அந்த ஊருக்காகப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் ஒப்புதல் வேண்டுமாம். ஆகவே நாளைக்கு இரண்டு கோடி வைத்திருக்கிற ஏதோ ஒரு பிரியாணிக் கம்பெனி ‘.திண்டுக்கல்’ கேட்டு, ‘நாங்கள் ஊரைச் சொல்லவில்லை, பிரியாணியைத்தான் சொல்கிறோம்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், கலெக்டரின் தடையின்மைச் சான்று தேவைப்படாது.